க.க. இருப்பு

ஆகஸ்ட் 19, திங்கள்

ஆடி முடிந்த கையோடு மங்கை எனக்கு வேலை கொடுத்துவிட்டாள். மேல்தொட்டியைக் கழுவ வேண்டும், மிக்சி ஜாருக்கு வாஷர் மாற்ற வேண்டும், பைரவியின் ஜாதகத்தைப் புதிதாக ஒரு பிரதி எழுத வேண்டும். தொட்டியும் வாஷரும் மதியத்துக்குள் முடிந்தன.

தஞ்சாவூரிலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது. பையன் பெயர் குகன். இங்கே திருச்சியிலேயே ஒரு பம்பு கம்பெனியில் இன்ஜினியர். தகப்பனார் சிவப்பிரகாசம் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பொருத்தம் பார்க்கப்போவது பையனின் தாய்மாமன் அம்பலவாணன். அவருக்குக் கம்ப்யூட்டரில் எடுத்த ஜாதகம் ஆகாதாம், கையால் எழுதியதுதான் வேண்டுமாம். என் கையெழுத்து மோசமில்லை. முப்பத்தொரு வருடம் கல்லூரி நூலகத்தில் புத்தகங்களுக்கு அட்டவணைச் சீட்டு எழுதிய கை. அதற்கு மேல் என்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள ஏதுமில்லை.

கட்டங்களைப் போடுவதில் சிரமம் இல்லை. கீழே எழுத வேண்டிய விவரங்களில்தான் வீடு இரண்டுபட்டது.

"கடனையும் எழுதிடுங்கப்பா," என்றாள் பைரவி. மாடி அறையில் இருந்து பெங்களூர் கம்பெனிக்கு வேலை செய்கிறவள், காபிக்காகக் கீழே வந்திருந்தாள்.

"ஜாதகத்துல யாராவது கடனை எழுதுவாங்களாடி?" என்றாள் மங்கை.

"சம்பளத்தை எழுதுறீங்கல்ல? அறுபத்திரண்டாயிரம்னு. அதுல இருபத்து மூணாயிரம் மாசாமாசம் பேங்க் எடுத்துக்குது. அதை எழுதலைன்னா சம்பளமே பொய்."

"கரூர்க்காரங்க என்ன சொன்னாங்க? முதல்ல அடைச்சிட்டு வாங்கன்னாங்க. அரியலூர்க்காரங்க போனையே எடுக்கலை. இன்னும் எத்தனை பேர்கிட்ட தண்டோரா போடணும்?"

"போடணும். பின்னாடி தெரிஞ்சு, ஒவ்வொரு மாசமும் என் சம்பளத்தை ஒருத்தர் எண்ணிப் பார்க்குறதுக்கு இது மேல்."

இருவரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். பால்காரர் மணி அடித்தது போலிருந்தது, வாசலுக்குப் போனேன். யாரும் இல்லை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

இன்றும் எழுதவில்லை. பேனாவுக்கு மை நிரப்பினேன்.

பைரவி புனேயில் டேட்டா சயின்ஸ் படிக்க ஐந்து வருடம் முன்பு வாங்கிய கடன் அது. பன்னிரண்டு லட்சம். அப்போது வேறு வழியும் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. அதை இங்கே எழுத வேண்டிய அவசியம் இல்லை.

பைரவிக்கு இன்று பார்சல் வந்தது. பூனைக்கு உணவு. தெருப் பூனைக்குத்தான். "கடன்காரி பூனைக்குப் பிஸ்கட் வாங்குறா," என்று மங்கை குழாயிடம் சொன்னாள்.

ஆகஸ்ட் 21, புதன்

எழுதி முடித்துக் கூரியரில் அனுப்பிவிட்டேன்.

எப்படி எழுதினேன் என்பதைப் பதிவு செய்வது நல்லது. மேலே ராசிக்கட்டம், நவாம்சக் கட்டம். கீழே, 'திருவாதிரை. ராகு திசை இருப்பு வ 11 மா 2 நா 5.' ஜாதகம் எழுதுவோர் எல்லோரும் போடுவதுதான், பிறக்கும்போது நடக்கிற திசையில் மீதி எத்தனை வருடம், மாதம், நாள் என்று. அதற்கு அடியில் ஒரு வரி அளவுக்கு இடம் இருந்தது. வேறு எங்கும் இடம் இல்லை. ஆகவே அங்கே எழுதினேன்:

'க.க. இருப்பு வ 4 மா 7 நா 12.'

க.க. என்றால் கல்விக் கடன். வங்கித் தாளைப் பார்த்து நாள் கணக்கு வரை சரியாகப் போட்டேன். நூலகத்தில் சீட்டு எழுதும்போது இடம் போதாவிட்டால் சுருக்கக் குறி போடுவது வழக்கம்தான்.

"எழுதிட்டீங்களாப்பா?" என்று பைரவி கேட்டாள். எழுதிவிட்டேன் என்றேன்.

"எழுதலைதானே?" என்று மங்கை அடுப்படியில் கேட்டாள். யார் படித்தாலும் தெரியாது என்றேன்.

இரண்டுமே உண்மை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

அம்பலவாணன் பேசினார். தபால் துறையில் இருந்தவராம், குரல் அடுத்த தெருவுக்கே கேட்கும்.

"சார், என்ன கையெழுத்து சார் உங்களுது! முத்து முத்தா இருக்கு. நான் எதுக்குக் கூப்பிட்டேன்னா, ராகு திசைக்குக் கீழே க.க.ன்னு போட்டிருக்கீங்களே..."

அடுப்படிக் கதவைச் சாத்தினேன்.

"கணித்துக் கண்டதுதானே?"

எனக்கு விளங்கவில்லை. அவரே விளக்கினார்.

"இப்ப யாரு சார் அந்தக் குறியெல்லாம் போடுறா! மேலே பஞ்சாங்கக் கணக்கு, கீழே திருத்திக் கணிச்ச கணக்கு. க.க. கணித்துக் கண்டது. என் பசங்ககிட்ட காட்டுனேன், ஒருத்தனுக்கும் தெரியலை. மேல உள்ள பதினொரு வருஷத்தை வச்சுப் பார்த்தா பொருந்தவே இல்லை சார். பையனுக்கும் பொண்ணுக்கும் ஒரே சமயத்துல திசை மாறுது. திசா சந்தி. வேண்டாம்னு மூடி வைக்கப் போனேன். அப்பதான் கீழ் வரியைப் பார்த்தேன். நாலு வருஷம் ஏழு மாசம்! அதை வச்சுப் போட்டா பொண்ணுக்கு எப்பவோ திசை மாறிடுச்சு. சந்தியும் இல்லை, ஒண்ணும் இல்லை. பத்துக்கு ஒன்பது பொருத்தம். சரிதானே நான் சொல்றது?"

"ம்," என்றேன்.

நான் 'ஆம்' என்று சொல்லவில்லை என்பதைக் குறித்து வைக்கிறேன். 'ம்' என்பதற்குக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றும் பொருள் உண்டு.

அடுத்த ஞாயிறு பெண் பார்க்க வருகிறார்கள். மங்கை என் தட்டில் ஒரு வடை கூடுதலாக வைத்தாள்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

மாவட்ட மைய நூலகம் போனேன். சோதிட நூல்கள் நான்கு பார்த்தேன். ஒன்றிலும் 'கணித்துக் கண்டது' இல்லை. திசா சந்தி எல்லாவற்றிலும் இருக்கிறது. ஒன்றில் தடித்த எழுத்தில்.

ஆக, என் மகளின் கடன் அவளுடைய ஜாதகத்துக்குள் புகுந்து அதைச் சரிசெய்து வைத்திருக்கிறது. அதை வெளியே எடுத்தால் பொருத்தமும் போகும், வரனும் போகும்.

திரும்பும்போது மல்லித்தழை வாங்க மறந்தேன்.

செப்டம்பர் 1, ஞாயிறு

வந்து போனார்கள். ஐந்து பேர். பையன் ஒல்லி, சிரிக்கும்போது தலையைக் குனிந்துகொள்கிறான். அவன் அம்மா லோகநாயகி அதிகம் பேசவில்லை. வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "புத்தகத்துக்கெல்லாம் நம்பர் ஒட்டியிருக்கீங்களே," என்றார். அது குறையா பாராட்டா என்று தெரியவில்லை. சிவப்பிரகாசம் எங்கள் மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்து, "எர்த் சரியில்லை," என்றார்.

பைரவியும் குகனும் மொட்டைமாடியில் முக்கால் மணி நேரம் பேசினார்கள். துணி எடுக்கப் போன மங்கை என்னையும் கூட்டிப்போனாள். ஒட்டுக்கேட்கவில்லை, காற்று இந்தப் பக்கம் அடித்தது.

"முன்னாடியே கட்டினா வட்டி எவ்வளவு மிச்சம்னு ஷீட்ல போட்டுப் பார்த்தேன்," என்றான் பையன்.

"அனுப்புங்க. ஆனா என் ஃபார்முலாவைத் தொடாதீங்க," என்றாள் பைரவி. இருவரும் சிரித்தார்கள்.

பையன் பைக் ஏதோ தவணையில் வாங்கியிருப்பான் போலிருக்கிறது.

போகும்போது அம்பலவாணன் என் கையைப் பிடித்து, "கணித்துக் கண்டது!" என்று கண்ணடித்தார். நானும் கண்ணடித்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 4, புதன்

பிடித்துவிட்டதாம். புரட்டாசி பிறப்பதற்குள் நிச்சயம். 15ஆம் தேதி ஞாயிறு, நம் வீட்டில்.

மங்கை மண்டபங்களின் பெயர்களை எழுதி வைத்திருக்கிறாள். ஒரு நாள் வாடகை மட்டும் இரண்டே முக்கால் லட்சம். "அதுக்குத்தானே எட்டு லட்சம் போட்டு வச்சிருக்கோம்," என்றாள். பைரவி தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 7, சனி

விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டை இருபத்தாறு, அவற்றில் வெடித்தவை ஒன்பது. க.க. விஷயத்தைப் பிள்ளையாரிடம் சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

பைரவி ஞாயிறு காலைகளில் கதவைச் சாத்திக்கொண்டு தோழிகளுடன் பேசுகிறாள் என்று நினைத்திருந்தேன். இன்று வைஃபை பெட்டியை அணைத்துப் போடச் சொல்லி உள்ளிருந்து குரல் கொடுத்தாள், போட்டுவிட்டுச் சரியாகிவிட்டதா என்று கேட்க உள்ளே போனேன். திரையில் ஆறு முகங்கள். பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். மணிக்கு அறுநூறு ரூபாயாம், ஒரு வருடமாக நடக்கிறதாம்.

"ஏன் சொல்லலை?"

"நீங்க வருத்தப்படுவீங்கப்பா. அப்புறம் ரெண்டு நாளைக்குத் தொட்டியைக் கழுவுவீங்க."

ஏசி போட்ட கடையில் போய் பைரவி ஏன் இருநூற்றெண்பது ரூபாய்க்குக் காபி குடிக்கிறாள் என்று மங்கை அடிக்கடி கேட்பாள். மாதம் ஒருமுறை, சம்பள நாளன்று மட்டும் குடிக்கிறாள் என்பதை நான் இப்போதுதான் கவனிக்கிறேன்.

செப்டம்பர் 11, புதன்

உண்மையைச் சொல்லி அம்பலவாணனுக்கு ஒரு கடிதம் எழுதினேன். நடை சரியில்லை. திருத்தி எழுதினேன். இரண்டாவது வரைவு முதலாவதைவிட மோசம். போனில் சொல்லலாம் என்று கூப்பிட்டேன், அவர், "சம்பந்தி!" என்றார். எத்தனை நாற்காலி வாடகைக்கு எடுக்கலாம் என்று கேட்டு வைத்துவிட்டேன். இருபத்திரண்டு.

செப்டம்பர் 13, வெள்ளி

எழுத வேண்டிய அவசியம் இல்லை என்று முன்பு தள்ளியதை எழுதுகிறேன்.

புனேயில் இடம் கிடைத்த அன்று பைரவி என்னிடம்தான் முதலில் வந்தாள். வங்கியில் எட்டு லட்சம் வைப்பில் இருப்பது அவளுக்குத் தெரியும். "அதை எடுக்கலாமாப்பா?" என்று கேட்டாள். அது உன் கல்யாணத்துக்கு என்றேன். "படிப்புக்கு இல்லையா?" என்றாள். படிப்புக்கு வங்கி கடன் தருகிறது, கல்யாணத்துக்குத் தராது என்றேன். தர்க்கம் சரியாக இருப்பதாக அன்று நினைத்தேன். மங்கையிடம் கலந்து பேசவில்லை. அம்மா சொல்லித்தான் மறுத்தேன் என்று பைரவி இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டவன் நான்.

நாற்காலிகள் வந்துவிட்டன. ஒன்றுக்குக் கால் ஆடுகிறது. அதை எனக்கு ஒதுக்கிக்கொண்டேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

வரிசையாக எழுத முயல்கிறேன்.

பத்து மணிக்கு வேன் வந்தது. தட்டுகள் பதினொன்று. எல்லோரும் உட்கார்ந்த பிறகு நிச்சயப் பத்திரிகை வாசிக்க அம்பலவாணன் எழுந்தார். வாசித்துவிட்டு உட்கார்ந்திருக்கலாம். என் ஜாதகப் பிரதியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார்.

"ஒரு விஷயம் சபைக்குச் சொல்லணும். இந்தச் சம்பந்தம் அமைஞ்சதே ஒரு வரியாலதான். பொண்ணுக்கு ராகு திசை இருப்பு, கணித்துக் கண்டது, நாலு வருஷம் ஏழு மாசம் பன்னிரண்டு நாள்!"

பைரவி நிமிர்ந்தாள். அந்த எண்ணை அவள் மாதாமாதம் பார்க்கிறவள். என்னைப் பார்த்தாள். அப்புறம் குகனைப் பார்த்தாள். குகன் ஏற்கெனவே தலையைக் குனிந்திருந்தான், தோள்கள் குலுங்கின. பைரவி பட்டு முந்தானையை வாயில் வைத்து அழுத்தியும் பயனில்லை, சிரித்துவிட்டாள்.

"என்னம்மா?" என்றார் அம்பலவாணன்.

அவள் பதில் சொல்லியிருப்பாள். சொல்ல வேண்டியவள் அவள் அல்ல. நான் எழுந்தேன். நாற்காலியும் கூடவே எழுந்து விழுந்தது.

"ஒரு பிழைதிருத்தம்," என்றேன். "க.க. என்பது கணித்துக் கண்டது இல்லை. கல்விக் கடன். பொண்ணு அதை அடைக்க இன்னும் நாலு வருஷம் ஏழு மாசம் இருக்கு. எழுதுன்னு அவ சொன்னா. எழுதாதேன்னு என் மனைவி சொன்னா. நான் யாருக்கும் புரியாத மாதிரி எழுதினேன். தப்பு என்னுது."

மங்கை கண்ணை மூடிக்கொண்டாள்.

"இன்னொண்ணும் இருக்கு," என்றேன். அதற்குள் வாய் பழகிவிட்டது. "அந்தக் கடன்ல பெரும்பகுதி வேண்டியிருந்திருக்காது. பணம் இருந்தது. கல்யாணத்துக்குன்னு நான்தான் கொடுக்கலை. இவ அம்மாவுக்கு அதுல சம்பந்தமே இல்லை."

பைரவியின் சிரிப்பு நின்றது. அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். மங்கை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை.

சிவப்பிரகாசம் மகன் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமாடா?"

"முதல் நாள் போன்லயே சொல்லிட்டாங்கப்பா."

"அப்ப ஏன்டா எங்கிட்ட சொல்லலை?"

"ஜாதகத்துலேயே எழுதியிருக்குன்னு சொன்னாங்க. நீங்க படிச்சிட்டுத்தான் சரின்னு சொல்றீங்கன்னு நினைச்சேன். பரவாயில்லையே அப்பான்னு பெருமையாக்கூட இருந்துச்சு."

வேனில் வந்திருந்த ஒரு பெரியவர் சத்தமாகச் சிரித்துவிட்டு, இருமலாக மாற்றினார்.

அம்பலவாணன் தாளைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு தூரத்தில் வைத்துப் பார்த்தார். அவரைப் பார்க்கத்தான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

"அப்ப சந்தி இருக்காண்ணே?" என்று லோகநாயகி கேட்டார்.

விரல் விட்டு எண்ணினார். "இருக்கு," என்றார் மெதுவாக. அவர் குரல் அவ்வளவு மெதுவாக வரும் என்று நான் நினைத்ததில்லை.

"இருந்தா என்ன ஆகும் மாமா?" என்றான் குகன்.

"ரெண்டு பேருக்கும் ஒரே சமயத்துல திசை மாறும். கஷ்டம் வந்தா சேர்ந்து வரும்."

"சேர்ந்து வந்தா சேர்ந்து லீவு போட்டுக்கலாம். இவங்களுக்கு ஒரு தடவை, எனக்கு ஒரு தடவைன்னா கம்பெனியில கொடுக்க மாட்டாங்க."

"வாயை மூடுடா," என்றார் சிவப்பிரகாசம். ஆனால் அவர் மீசை அசைந்தது. "கடன் யார் கட்டுறது? அதைச் சொல்லுங்க."

"நான்தான் மாமா," என்றாள் பைரவி. "கல்யாணத்துக்கு அப்புறமும் என் சம்பளத்துல இருந்து. அது முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

சொல்லிவிட்டாள். ஆனால் அவள் கை முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தது. குகன் சிரிக்கவில்லை. அவன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். இருபத்திரண்டு நாற்காலிகளும் அவரையே பார்த்தன.

லோகநாயகி எழுந்தார். அண்ணன் கையிலிருந்த தாளை வாங்கி, அந்த வரியைத் தானே ஒருமுறை படித்தார்.

"இதுக்கு முன்னாடி மூணு இடம் பார்த்தோம்," என்றார். "எல்லாம் கம்ப்யூட்டர்ல கலர் கலரா அடிச்சது. ஒருத்தரும் ஒரு குறையும் எழுதலை. இவர் எழுதியாவது வச்சிருக்கார். படிக்கத் தெரியாதது நம்ம தப்பு." அண்ணனைப் பார்த்தார். "நம்ம கல்யாணத்துக்கெல்லாம் சந்தி பார்த்தாங்களாண்ணே?"

"நம்ம காலத்துல..." என்று ஆரம்பித்தார் அம்பலவாணன். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "சந்திக்கு விதிவிலக்கு ஒண்ணு இருக்கு. இருக்கணும். வீட்டுல போய்ப் பார்த்துச் சொல்றேன்."

"பார்த்துக்கிட்டே இருங்க. தட்டை மாத்துங்க."

மாற்றினோம். என் தட்டிலிருந்து ஒரு தேங்காய் உருண்டது. குகன் பிடித்தான்.

சாப்பாட்டில் பாயசம் இரண்டாம் முறை போட வந்தபோது அம்பலவாணன் என் பக்கத்து இலையில் இருந்தார். பாயசத்தில் அப்பளத்தை நொறுக்கினார். அப்புறம், "சம்பந்தி, அன்னிக்கு ஏன் கண்ணடிச்சீங்க?" என்றார். தெரியவில்லை என்றேன். "நானும்தான் அடிச்சேன்," என்று சொல்லிப் பாயசத்தை வழித்தார்.

செப்டம்பர் 16, திங்கள்

மங்கை காலை முழுவதும் என்னிடம் பேசவில்லை. பைரவி அவளுக்கு ஈர்க்குச்சி சீவிக் கொடுத்து, கீரை ஆய்ந்து கொடுத்து, அருகிலேயே உட்கார்ந்திருந்தாள். இருவரும் தாழ்ந்த குரலில் பேசியதில் ஒன்று மட்டும் கேட்டது: "அஞ்சு வருஷமா உன்னைத் திட்டிக்கிட்டு இருந்திருக்கேன்மா, மனசுக்குள்ள."

மதியம் தைரியம் வந்து, வைப்புத்தொகையில் ஒரு பகுதியைக் கடனுக்குக் கட்டிவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம்ப்பா, நானே பார்த்துக்கிறேன் என்பாள் என எதிர்பார்த்தேன். அதற்கு என்ன பதில் சொல்வது என்றும் யோசித்து வைத்திருந்தேன்.

"சரிப்பா. எவ்வளவு?" என்றாள்.

"மூணு?"

"ஏழு," என்றாள் மங்கை. நேற்றிலிருந்து என்னிடம் அவள் சொன்ன முதல் சொல். "ஒரு லட்சத்தை வச்சுக் கோயில்ல கல்யாணம். மண்டபம் வேண்டாம். சாப்பாடு மட்டும் குறையக் கூடாது."

"ஏழு போனா மீதி மூணு லட்சம். ஒரு வருஷத்துல முடிச்சிடுவேன்," என்று பைரவி செல்போனில் தட்டிப் பார்த்தாள். பிறகு யாருக்கோ அனுப்பினாள். உடனே பதில் வந்தது. எங்களிடம் காட்டவில்லை.

செப்டம்பர் 18, புதன்

பைரவியும் நானும் வங்கிக்குப் போனோம். வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன் எடுக்க ஒரு படிவம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணுக்குப் பைரவியின் வயதுதான் இருக்கும். "காரணம்னு இருக்கிற இடத்தை விட்டுட்டீங்களே சார்," என்று திருப்பிக் கொடுத்தாள்.

பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். வரிசையில் பின்னால் இருந்தவர் பெருமூச்சு விட்டார். எழுதினேன்.

அவள் வாங்கிப் படித்தாள். "மகளின் படிப்புக்காக. என்ன படிக்கப் போறாங்க சார்?"

"படிச்சு முடிச்சு மூணு வருஷம் ஆச்சும்மா," என்றேன். பைரவி என் கையைப் பிடித்திருந்தாள்.

அந்தப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு முத்திரையை எடுத்து, மேலே ஊதி, அழுத்தமாகக் குத்தினாள்.